ஜன்னலில் இல்லாத சீசா

சகலை என்ற உறவை ஏற்படுத்தியவர் யாரோ, அவருக்கு அன்று வேறு வேலை இருந்திருக்காது. அண்ணன் தம்பி என்றால் அடித்துக்கொண்டு கூடிக்கொள்ளலாம். மாமன் மச்சான் என்றால் வாய்க்கு வந்தபடி கேலி பேசலாம். அக்காளைக் கட்டியவனும் தங்கையைக் கட்டியவனும் மட்டும், ஒரே வீட்டுக்கு மாப்பிள்ளையாகிவிட்ட குற்றத்துக்காக, ஆயுள் முழுக்கப் பக்கத்துத் தட்டில் என்ன விழுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சிரித்த முகமாகச் சாப்பிட வேண்டும். சீசாக்காரர் இப்படித்தான் நினைத்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

சீசாக்காரர் என்பது ஆலையில் விழுந்த பெயர். கடலுக்கு அடியிலிருந்து குழாயில் வரும் எரிவாயுவை எண்ணெயாக மாற்றுகிற ஆலை அது. வாயுவை ஆக்சிஜனோடு சேர்த்து முதலில் உடைப்பார்கள். உடைந்ததை ஒரு பெரிய உலைக்குள் அனுப்பினால், உள்ளே இருக்கும் வினையூக்கி அதைத் துண்டு துண்டாகக் கோத்து நீளமாக்கி, மெழுகுவத்தி வெள்ளையில் மெழுகாகத் தரும். அந்த மெழுகை ஹைட்ரஜன் கொடுத்து மறுபடி நறுக்கியும் வளைத்தும் பிரித்தால் டீசலும் மண்ணெண்ணெயும் கிடைக்கும். கடைசியில் மிஞ்சும் கனமான பங்குதான் பேஸ் ஆயில். உலகத்தில் ஓடுகிற எந்த இயந்திரத்துக்கும் ஊற்றும் மசகு எண்ணெய்க்கு அதுதான் மூலம். ஆனால் பார்த்தால் எண்ணெய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நிறம் கிடையாது, வாசம் கிடையாது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தால் விருந்தாளி எடுத்துக் குடித்துவிடுவார்.

"காத்தைப் பிடிச்சு எண்ணெய் ஆக்குறீங்களாம். அந்த எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாதாம். அப்ப நீங்க வேலை செய்றீங்கன்னு நாங்க எப்படி நம்புறது?" என்று அவருடைய மனைவி கல்யாணமான புதிதில் கேட்டாள். அந்தக் கேள்வி கேட்டு இருபத்திரண்டு வருடமாகிறது.

அவர் வேலை பரிசோதனைக்கூடத்தில். ஒவ்வொரு தொட்டி நிறைந்ததும் மாதிரி எடுத்து வருவார்கள். எத்தனை டிகிரியில் உறைகிறது, எத்தனை டிகிரியில் தீப்பிடிக்கிறது, எவ்வளவு கொழகொழப்பு என்று அளந்து எண்களை எழுதிக் கொடுக்க வேண்டும். எண்கள் சரியாக இருந்தால் மெழுகு நீக்கும் பிரிவின் பொறுப்பாளர் கையெழுத்துப் போடுவார். தொட்டி திறக்கும், எண்ணெய் கப்பலுக்குப் போகும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கனமான ரகத்தில் மெழுகு ஒரு சிட்டிகை தங்கிவிட்டால், எந்த எண்ணிலும் அது தெரியாது. சூடாக எடுத்த மாதிரி பளிங்காக இருக்கும். ஒரு நாள் சும்மா விட்டுப் பார்த்தால்தான், விடியற்காலைக் குளிரில், கண்ணாடிமேல் மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல் எழும்பும். வாங்குகிறவன் அதைப் பளபளப்பான டப்பாவில் அடைத்துக் கடையில் வைத்தபிறகு அது எழும்பினால் அவ்வளவுதான், மானம் கப்பலேறிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கச் சீசாக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். கனமான ரகம் வரும்போதெல்லாம் ஒரு வெள்ளைச் சீசாவில் நிரப்பி, தேதியும் தொட்டி எண்ணும் எழுதி ஒட்டி, நிழல் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவார். சீசாவுக்குப் பின்னால், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, பொடி எழுத்துத் தாள், அதை ஒட்டியிருந்தார். மறுநாள் காலையில் சீசா வழியாக அதில் ஒரு வரியைப் படிப்பார். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' எழுத்து முனை கூராக இருந்தால் எண்ணெய் நல்ல எண்ணெய். சீசாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். எழுத்து கொஞ்சம் பஞ்சடைந்து தெரிந்தால் சீசாவை ஜன்னலிலேயே விட்டுவிடுவார். வெளியே போகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். காலையில் ஜன்னலில் சீசா இருந்தால் மங்கல், இல்லாவிட்டால் தெளிவு. எந்தப் புத்தகத்திலும் இது எழுதப்படவில்லை. ஆனால் பதினெட்டு வருடமாக ஆலையில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதினெட்டு வருடத்தில் ஏழு தடவை சீசா ஜன்னலில் நின்றது. ஏழு தடவையும் அது சொன்னது சரி. சீசாக்காரருக்கு ஆலையில் இருந்த ஒரே மரியாதை அந்த ஜன்னல்தான்.

சகலையை ஆலைக்குள் கொண்டுவந்தது யார் என்று கேட்டால், அதுவும் இவரேதான். விண்ணப்பத் தாளை வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பி, இரண்டு அதிகாரிகள் முன்னால் போய்த் தலையைச் சொறிந்து நின்றவர் இவர். வால்வு திருப்புகிற ஆளாக உள்ளே நுழைந்தான். நாலே வருடத்தில் கட்டுப்பாட்டு அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்தான். இன்னும் ஐந்து வருடம் போனதும் மெழுகு நீக்கும் பிரிவுக்கு அவனே ஷிஃப்ட் பொறுப்பாளர். பொறுப்பாளர்களுக்கு வெள்ளை ஹெல்மெட். அதை அவன் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே ஆணியடித்து மாட்டியிருந்தான். உள்ளே நுழைகிறவர்கள் அதற்குக் கும்பிடு போடாத குறைதான்.

ஆயிரம் தடவை சீசாக்காரர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார், நம்மால் வந்தவன்தானே, நல்லா இருக்கட்டும் என்று. மனது கேட்டால்தானே. சகலைக்குக் கம்பெனிக் குடியிருப்பில் மூலை வீடு கிடைத்தது, இரண்டு பக்கமும் ஜன்னல். இவருக்கு மாடியில், குழாய் சொட்டுகிற வீடு. "அங்க காத்து நல்லா வருது மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க" என்று மாமனார் தன் பெட்டியோடு மூலை வீட்டுக்குக் குடிபோனார். காற்றைப் பிடித்து எண்ணெயாக்கும் ஆலையில் இருந்துகொண்டு, காற்று வரவில்லை என்று ஒரு மாமனாரை இழந்தார் சீசாக்காரர். சகலைக்குத் தலைமுடி கூடக் கொட்டவில்லை. அது எப்படி என்று இவர் ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறார்.

எல்லாவற்றையும்விட ஒன்று அவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. ஷிஃப்டுக்கு வருகிற சகலை, விடிந்தும் விடியாததுமாகப் பரிசோதனைக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு வருவான். நேர் வழி இருக்கிறது, இருந்தாலும் சுற்றி வருவான். ஜன்னலுக்கு எதிரே வந்ததும் ஒரு கணம் நிற்பான், கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்புவான், மீசையை ஒரு விரலால் நீவிக்கொள்வான், போய்விடுவான். உள்ளே நான் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், இவனுக்கு என் ஜன்னல் மீசை சீவுகிற கண்ணாடியா என்று சீசாக்காரர் பல்லைக் கடிப்பார். ஒரு தடவை வேண்டுமென்றே உள்ளிருந்து கையைக் காட்டினார். சகலை சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையைக் காட்டினான். அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

அந்த வருடம் பரிசோதனைக்கூடத்துக்குப் புதிய மேலாளர் வந்தார். எல்லோரும் மேடம் என்பார்கள். நியாயமான மனுஷி, ஆனால் எதுவும் தாளில் இருக்க வேண்டும் அவருக்கு. மாதிரியை வைத்துவிட்டால் தானே குளிரவைத்து, தானே அளந்து, தானே எண்ணை அச்சடித்துத் தரும் இயந்திரம் ஒன்றை வரவழைத்தார். காலைக் கூட்டத்தில் ஜன்னல் பேச்சை எடுத்தார்.

"இந்தச் சீசா விஷயம் நம்ம செய்முறைல எங்கயும் இல்ல. தணிக்கைக்கு வர்றவங்க கேட்டா என்ன பதில் சொல்றது? இனிமே எண் மட்டும் போதும். உங்க பிரிவுக்கு இதுல ஏதாவது ஆட்சேபணை உண்டா?" என்று சகலையைப் பார்த்துக் கேட்டார்.

சீசாக்காரரும் அவனைப் பார்த்தார். ஒரு வார்த்தை, அண்ணனுடைய சீசா இருக்கட்டும் மேடம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சகலை சிரித்தான். "எனக்கென்ன மேடம். ஜன்னல் காலியானா அண்ணே அங்க பூந்தொட்டி வச்சுக்குவார்" என்றான். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். சீசாக்காரரும் சிரித்தார்.

ஆனாலும் அவர் சீசா வைப்பதை நிறுத்தவில்லை. மேடம் ஐந்து மணிக்குப் போனபிறகு வைத்து, காலையில் அவர் வருவதற்கு முன் எடுத்துவிடுவார். யாரும் இனி அதைப் பார்க்கப்போவதில்லை, தெரியும். வீம்பு.

அப்போதுதான் மெழுகு நீக்கும் உலையில் பழைய வினையூக்கியை அள்ளி எறிந்துவிட்டுப் புதியதைக் கொட்டினார்கள். மூன்று வாரம் ஆலை நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. புது வினையூக்கி சுறுசுறுப்பானது, குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும். சகலை உலையின் சூட்டை மூன்று டிகிரி குறைத்து ஓட்டினான். சூடு குறைந்தால் மெழுகு நொறுங்கி வீணாகாது, அத்தனையும் எண்ணெயாகக் கிடைக்கும். ஆலை தொடங்கிய நாளிலிருந்து கிடைக்காத அளவு கிடைத்தது. வாசல் பலகையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்கள். பொதுமேலாளரே இறங்கி வந்து சகலையின் முதுகில் தட்டினார். முதல் தொட்டி நிறைந்தது, கப்பலும் வந்து நின்றது.

இயந்திரம் அச்சடித்த எண்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. சீசாக்காரர் மாலையில் வழக்கம்போல ஒரு சீசாவை நிரப்பி ஜன்னலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மகள் முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள். பள்ளிப் படிப்பு முடிகிற வருடம் அவளுக்கு. மேலே என்ன படிக்கலாம் என்று பேச வேண்டும் என்று அவர் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தார்.

"அப்பா, நான் கெமிக்கல் இன்ஜினியரிங் எழுதிக் குடுத்துட்டேன்."

"எப்போ?"

"இன்னைக்குத்தான். சித்தப்பாகிட்ட கேட்டேன், அதுதான் உனக்குச் சரியா வரும்னு சொன்னாங்க. ஆலையைச் சுத்திக் காட்டுறேன்னும் சொன்னாங்க."

"நானும் அதே ஆலைலதாம்மா இருக்கேன்."

"தெரியும்பா. ஆனா நீங்க லேப்தானே" என்றாள் மகள். அவள் மனதில் ஒன்றும் இல்லை. பசிக்கிறது என்பதுபோல் சொன்னாள்.

மனைவி அடுப்படியிலிருந்து, "தம்பி சொன்னா யோசிச்சுத்தான் சொல்லும்" என்றாள். சீசாக்காரர் கை கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கே பரிசோதனைக்கூடத்தைத் திறந்தார். ஜன்னலுக்குப் போனார். குனிந்து சீசா வழியாகப் பார்த்தார். 'குழந்தைகளுக்கு' என்ற சொல் இருந்தது, ஆனால் எழுத்துக்கள் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றன. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை. சகலை குறைத்த மூன்று டிகிரி சீசாவுக்குள் புகையாக நின்றுகொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறைக்கு மூன்று எண்ணைச் சுழற்றினால் போதும். கை தொலைபேசிவரை போனது. போய் அங்கேயே நின்றது. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தார். தொட்டியை நிறுத்துவார்கள். சூட்டைக் கூட்டி மறுபடி ஓட்டுவார்கள். சகலை மேடம் முன்னால் சிரித்துக்கொண்டே, நல்லவேளை அண்ணே பார்த்தார் என்று சொல்லி, அதிலும் நல்ல பெயர் வாங்கிக்கொள்வான். பலகையில் இருக்கும் சிவப்பு எண் அப்படியே இருக்கும். சொல்லாவிட்டால்? கேட்பதற்கு ஆள் இல்லை. எண் மட்டும் போதும் என்று சொன்னவர்கள் அவர்கள். பூந்தொட்டி என்று சொன்னவன் அவன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் கீழே விழுவதைப் பார்த்தால் என்ன, குடி முழுகிவிடுமா?

சீசாவை அப்படியே ஜன்னலில் விட்டால் போகிற வருகிற யாராவது பார்த்துவிடலாம். அதை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். போய்த் தன் அலமாரியில், பழைய துண்டுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார்.

திரும்பி வந்து உட்காரவும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை ஹெல்மெட் தெரிந்தது. சகலை நின்றான். கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பினான். மீசையை ஒரு விரலால் நீவினான். அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றதுபோல் இருந்தது. சீவிக்கோ, நல்லா சீவிக்கோ என்று சீசாக்காரர் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். அவன் போனான். மத்தியானத்துக்குள் தொட்டி திறந்து, எண்ணெய் கப்பலில் ஏறியது.

ஏழு வாரம் எதுவும் நடக்கவில்லை. அந்த ஏழு வாரமும் சீசாக்காரருக்கு ஒரு புது உற்சாகம் இருந்தது. மூலை வீட்டுக்குப் போனால் ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். எட்டாவது வாரம் கடிதம் வந்தது. வாங்கியவர்கள் எண்ணெயை டப்பாவில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லாம் மங்கிவிட்டதாம், திரும்பி வருகிறதாம், படமும் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

விசாரணை அறையில் நாலு பேர்: பொதுமேலாளர், மேடம், சகலை, சீசாக்காரர். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு மாதிரியைப் பழுப்புச் சீசாவில் அடைத்து முத்திரையிட்டு வைப்பது வழக்கம். அதை எடுத்து வந்து, எல்லோர் கண் முன்னாலும் முத்திரையை உடைத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றினார்கள். மங்கல் எல்லோருக்கும் தெரிந்தது.

சகலை எழுந்து நின்றான். "எண் சரியாத்தான் இருந்துச்சு சார். ஆனா சூட்டைக் குறைச்சு ஓட்டினது நான். கூடுதலா எண்ணெய் எடுக்கணும்னு ஆசைப்பட்டேன். தப்பு என்னோடது" என்றான். சுற்றி வளைக்கவில்லை. பத்து வருடமாகச் சீசாக்காரர் பார்க்க ஆசைப்பட்ட காட்சி இதுதான். ஆனால் அவன் நின்ற நிமிர்வைப் பார்த்தால் விழுந்தவன் மாதிரியே இல்லை. தலை குனிந்து நிற்பதில்கூட இவன் நம்மைவிட ஒரு படி மேலேதான் நிற்கிறான் என்று அவருக்கு வயிறு எரிந்தது.

மேடம் சீசாக்காரர் பக்கம் திரும்பினார். "அந்தத் தொட்டிக்கு நீங்க ஜன்னல்ல சீசா வச்சீங்களா?"

அறையில் இருந்த மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். வைத்தேன், தெளிவாக இருந்தது என்றால் பதினெட்டு வருடச் சீசா பொய்யாகிவிடும். வைத்தேன், மங்கியிருந்தது என்றால் தான் பொய்யாகிவிட வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது.

"நீங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டீங்களே மேடம். வைக்கல" என்றார் சீசாக்காரர்.

மேடம் பேனாவை மேசைமேல் வைத்தார். "அப்ப என் மேலயும் தப்பு இருக்கு சார். நான் அதை நிறுத்தியிருக்கக் கூடாது" என்று பொதுமேலாளரிடம் சொன்னார். அந்த அறையில் அவரவர் தப்பை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளாதவர் ஒருவர்தான்.

வெளியே வந்ததும் நடைவழியில் சகலை பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. முந்தின நாள் சாயங்காலம் நான் போறப்ப ஜன்னல்ல சீசா இருந்துச்சு. தொட்டி எண்கூடப் படிச்சேன். காலைல வந்து பார்த்தேன், இல்ல. இல்லைன்னா தெளிவுன்னுதானே அர்த்தம்?"

சீசாக்காரர் நின்றுவிட்டார். "நீ... ஜன்னலைப் பார்ப்பியா?"

"பார்க்காம ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லையே அண்ணே. அதுக்குத்தானே தினமும் சுத்தி வர்றேன். அந்தக் கூட்டத்துல விளையாட்டா ஏதோ சொன்னேன். மேடம் என்ன சொன்னாலும் நீங்க நிறுத்த மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

மீசை, நின்ற நிமிடம், திரும்பிய முகம் எல்லாம் சீசாக்காரர் கண் முன்னால் வரிசையாக வந்து போயின. வருடக்கணக்காக ஒருவன் தினமும் காலையில் வந்து தன்னிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். மகள் கேட்கவில்லை, மனைவி கேட்கவில்லை, மாமனார் கேட்கவில்லை. இவன் கேட்டிருக்கிறான். அன்று காலியான ஜன்னலைக் காட்டி, தெளிவு, போய்க் கையெழுத்துப் போடு என்று இவர் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார். சும்மா இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர், உண்மையில் வாய் திறந்து பொய் சொல்லியிருந்தார். சகலை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சகலையிடமிருந்து வெள்ளை ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் தொட்டி முற்றத்தில் அளவெடுக்கிற வேலைக்குப் போட்டார்கள். மூலை வீட்டில் ஆணி மட்டும் மிஞ்சியது. அதே வாரம் மேடம் ஒரு சுற்றறிக்கை விட்டார். ஜன்னல் சீசா இனி ஆலையின் செய்முறையில் சேர்ந்தது. அதற்குத் தனிப் படிவம், தனி எண். கீழே கையெழுத்துப் போடுகிற இடத்தில் சீசாக்காரரின் பதவியே அச்சாகியிருந்தது. வீட்டில் மனைவி அதை மூன்று தடவை படித்தாள். "பரவாயில்லையே, உங்க சீசாவுக்கு இவ்வளவு மதிப்பா" என்றாள். மகள், "அப்பா, எனக்கும் அதை எப்படிப் பார்க்கிறதுன்னு காட்டுங்க" என்றாள். ஒரு மாதத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் அவர் தரையில் நடந்திருக்க மாட்டார். இப்போது எழுந்து போய்ச் சொட்டுகிற குழாயை இறுக்கினார்.

விடுமுறை நாள் ஒன்றில் ஆலைக்குப் போய் அலமாரியைத் திறந்து, துண்டுக்குப் பின்னாலிருந்த சீசாவை எடுத்துக்கொண்டு மூலை வீட்டுக்குப் போனார். அக்காவும் தங்கையும் உள்ளே ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். சகலை பின்கட்டில் ஒரு நாற்காலியின் காலைச் சரிசெய்துகொண்டிருந்தான். சீசாக்காரர் சீசாவை அவன் பக்கத்தில் வைத்தார். தேதியும் தொட்டி எண்ணும் அவருடைய கையெழுத்தில் இருந்தன.

சகலை சுத்தியலைக் கீழே வைத்தான். சீசாவை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"சரியாப் பார்த்திருக்கீங்க. உங்க கண்ணு தப்பவே தப்பாது அண்ணே" என்றான்.

இந்த வார்த்தையை அவன் வாயால் கேட்க வேண்டும் என்று சீசாக்காரர் எத்தனை வருடம் ஏங்கியிருப்பார். அது இன்றைக்கா வர வேண்டும்.

"நாளைக்கே மேடம்கிட்ட போய்ச் சொல்லிடறேன் சகல. நான்தான் எடுத்து ஒளிச்சேன்னு சொல்லிடறேன்."

"எதுக்கு?"

"உன் ஹெல்மெட் திரும்பி வரும்."

"அது ஆறு மாசத்துல தானா வரும். சூட்டைக் குறைச்சது நான்தானே. நீங்க போய்ச் சொன்னா அந்தப் படிவத்தை முதல்ல கிழிச்சுப் போடுவாங்க. ஜன்னலே இருக்காது. அது இல்லாம அந்தப் பிரிவை ஓட்ட முடியாது, எனக்குத் தெரியும்." சகலை சீசாவை அவர் கையில் திருப்பிக் கொடுத்தான். "உங்களுக்காகச் சொல்லல அண்ணே. சீசாவுக்காகச் சொல்றேன். கழுவி வச்சுடுங்க."

சீசாக்காரர் கழுவி வைத்தார். வேறென்ன செய்வார். கழுவும்போதும் அவர் மனதில் இருந்தது பொறாமைதான், மறைப்பானேன். இப்படிப் பேச அவனுக்கு எங்கிருந்து வருகிறது, எனக்கு ஏன் வரவில்லை என்ற பொறாமை. தலைமுடிக்கும் மூலை வீட்டுக்கும் பட்டதைவிட இது அதிகமாக வலித்தது.

ஆறு மாதம் முடிந்து, வெள்ளை ஹெல்மெட் தலைக்குத் திரும்பியது. முதல் நாள் காலையில் சீசாக்காரர் ஆறு மணிக்கே வந்துவிட்டார். முந்தின மாலை கனமான ரகத்தில் ஒரு தொட்டி நிறைந்திருந்தது. சீசாவைப் பார்த்தார். எழுத்து ஒவ்வொன்றும் ஊசி முனையாக நின்றது. கழுவிக் கவிழ்த்தார், படிவத்தில் கையெழுத்துப் போட்டார், காலியான ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மணி ஏழானது. யாரும் வரவில்லை. ஏழேகாலுக்குத் தொட்டி திறக்கிற மணி ஒலித்தது. அப்படியென்றால் சகலை கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

படிவத்தைத் தானே எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்கு நடந்தார். சகலை நேர் வழியில்தான் வந்திருக்கிறான் என்று மண்ணில் கிடந்த தடத்திலேயே தெரிந்தது. கட்டுப்பாட்டு அறையின் சின்ன ஜன்னலுக்குக் கிட்டே வந்ததும் அவர் கால் நின்றது. ஜன்னல் விளிம்பில் ஒரு வெள்ளைச் சீசா இருந்தது. அதே தொட்டி எண், முந்தின நாள் தேதி, சகலையின் கோணல் கையெழுத்து; நேற்றுத் தொட்டி முற்றத்தை விட்டு வரும்போதே எடுத்து வைத்திருக்கிறான். பின்னால் மாமனாருடைய மாத்திரைப் பெட்டித் தாள் ஒட்டியிருந்தது.

சீசாக்காரர் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தச் சீசா வழியாக ஒரு வரியைப் படித்தார். தெளிவாகத்தான் இருந்தது. உள்ளேயிருந்து சகலை எழுந்து வந்து கதவைத் திறந்தான். "வாங்கண்ணே" என்றான், படிவத்தை வாங்கினான், படிக்காமல் கோப்பில் வைத்தான். பிறகு ஜன்னலிலிருந்து தன் சீசாவை எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.